பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளியின் நடத்தையை எப்போது மாற்றுகிறது: சிவகாசிப் பட்டாசு ஆலைகளை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி இது: தொழிற்சாலைகளில் நடத்தப்படும் பாதுகாப்புப் பயிற்சி, தொழிலாளர்கள் வேலை செய்யும் முறையை உண்மையாகவே மாற்றுகிறதா, அல்லது வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதோடு அதன் பயன் முடிந்துவிடுகிறதா? பொதுப்படையாகச் சொல்வதைவிட ஒரு தொழிலை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவது தெளிவைத் தரும் என்பதால், விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களிலுள்ள பட்டாசு ஆலைகளை எடுத்துக்கொள்கிறேன். நாட்டின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு அங்கேதான் நடைபெறுவதாகக் கணக்கிடுகிறார்கள். மற்றத் தொழில்களில் ஒரு தவறுக்கும் அதன் விளைவுக்கும் இடையே சிறிது அவகாசம் இருக்கும். இங்கே அது இல்லை. ஆகவே பயிற்சியால் எது மாறும், எது மாறாது என்பது இந்தத் தொழிலில் மறைவின்றித் தெரிகிறது.

பயிற்சி நடத்தையை மாற்றுகிறது என்பதே என் பதில். ஆனால் அது மாற்றுவது, தொழிலாளி தானே முடிவு செய்து செய்யக்கூடிய செயல்களைத்தான். எவ்வளவு மருந்து கலப்பது, ஓர் அறையில் எத்தனை பேர் உட்காருவது, மழையில் நனைந்த சரக்கின் நட்டத்தை யார் ஏற்பது என்பவையெல்லாம் அவர் கையில் இல்லாதபோது, எவ்வளவு சிறந்த பயிற்சியும் அவருக்கு ஆபத்தைப் பற்றிய அறிவைத் தருமே தவிர, அதிலிருந்து விலகும் வழியைத் தராது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல்தான் பெரும்பாலான ஆலைகளில் பயிற்சித் திட்டம் போடப்படுகிறது.

ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. கனடாவைச் சேர்ந்த லிண்டா ராப்சன் குழுவினர் 2012இல் வெளியிட்ட மதிப்பீட்டில், இத்துறையில் முறையாக நடத்தப்பட்ட சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, பயிற்சி தொழிலாளியின் வேலை நடத்தையை மாற்றுகிறது என்பதற்கு வலுவான சான்று இருப்பதாகச் சொன்னார்கள். பயிற்சி மட்டுமே காயங்களையும் நோய்களையும் குறைத்துவிடும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதையும் அதே மதிப்பீட்டில் எழுதினார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. ஒருவர் தன் அளவில் சரியாக நடந்துகொண்டாலும், பக்கத்து அறையில் அளவுக்கு மீறிக் குவித்து வைத்த மருந்து அவரையும் சேர்த்தே கொல்லும். 2006இல் மைக்கேல் பர்க் குழுவினர் வெளியிட்ட மற்றொரு பகுப்பாய்வு, 1971 முதல் 2003 வரையிலான 95 ஆய்வுகளை, அதாவது ஏறக்குறைய 21,000 பேரைப் பற்றிய தரவுகளை ஒப்பிட்டது. சொற்பொழிவு, துண்டறிக்கை, காணொளி ஆகியவற்றோடு நின்றுவிடும் பயிற்சியைவிட, தொழிலாளியே செய்து பார்த்து, செய்தது சரியா என்று உடனே தெரிந்துகொள்ளும் பயிற்சி அறிவையும் கூடுதலாக வளர்க்கிறது, விபத்தையும் கூடுதலாகக் குறைக்கிறது என்பது அதன் முடிவு.

இதைப் பட்டாசு ஆலையின் கலவை அறையில் வைத்துப் பார்ப்போம். தொழிலாளர்கள் 'மருந்து' என்று சொல்வது வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் போன்றவற்றின் கலவையை. கலப்பவர் பெரும்பாலும் ஆண்; வெயில் ஏறுவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார். அறைக்குள் நுழையும்முன் வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டு, உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்க வேண்டும். பருத்தி உடை அணிந்திருக்க வேண்டும். இரும்புக் கருவி எதுவும் உள்ளே வரக்கூடாது. சல்லடையில் சலித்துக் கலக்கும்போது கை அழுத்தித் தேய்க்கக் கூடாது. தரையில் சிந்தியதைக் காலால் ஒதுக்கக் கூடாது. கலந்த மருந்தை அங்கேயே சேர்த்து வைக்காமல் சிறு அளவாக, பட்டாசுக்குள் மருந்தை அடைக்கும் 'செலுத்தும் அறை'க்கு அவ்வப்போது அனுப்பிவிட வேண்டும். விபத்துக்குப் பின்பு வரும் செய்திகளில் 'மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு' என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோமே, அந்த உராய்வு இந்தச் சிறு அசைவுகளில் ஏதேனும் ஒன்றுதான்.

இவற்றில் ஒன்றுகூடப் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. ஒரு மணி நேர வகுப்பில் அனைத்தையும் சொல்லி முடித்துவிடலாம். கேட்டவர்களும் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வார்கள். ஆனால் சல்லடையில் கை எவ்வளவு அழுத்தத்தோடு நகர்கிறது என்பது அறிவால் நடப்பதல்ல, பழக்கத்தால் நடப்பது. பழக்கம் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்தவரைப் பார்த்து வந்ததாக இருக்கும். இத்தொழிலே கையிலிருந்து கைக்கு வந்ததுதான். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து அந்த ஊரின் தொழிலறிவு பார்த்துப் பழகித்தான் வளர்ந்தது. அந்த வழியில் நல்ல பக்குவமும் வரும், ஆபத்தான குறுக்கு வழியும் வரும். எனவே கலவைத் தொழிலாளிக்கான பயிற்சி என்பது, வெடிக்காத மாற்றுத் தூளை அதே சல்லடையில் கொடுத்துச் சலிக்கச் சொல்லி, அவர் கை நகர்வதைப் பார்த்து அங்கேயே திருத்துவதாக இருக்க வேண்டும். வாடகை மண்டபத்தில் நாற்காலி போட்டு, திரையில் படம் காட்டி முடிக்கும் பயிற்சி இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

பயிற்சி எதிர்த்து நிற்க வேண்டிய மற்றொன்று, ஆபத்து பழகிப்போதல். "இத்தனை வருசமா இப்படித்தான் செய்றோம், என்ன ஆயிருச்சு?" என்ற கேள்வியை இந்த வட்டாரத்தில் பயிற்சி நடத்தும் எவரும் எதிர்கொள்ளாமல் இருக்க முடியாது. அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. விதியை மீறிய ஒவ்வொரு நாளும் விபத்தின்றி முடிந்ததை அந்தத் தொழிலாளி தன் கண்ணால் கண்டிருக்கிறார். அவருடைய அனுபவம் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. பயிற்சியாளர் அதற்கு எதிராக நிறுத்துவதோ, எங்கோ எப்போதோ நடந்த ஒரு விபத்தின் புகைப்படம். சொந்த அனுபவத்துக்கும் பிறர் கதைக்கும் போட்டி என்றால் எது வெல்லும் என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் தொழிலாளியின் சொந்த அனுபவத்தையே பாடமாக மாற்ற முடியுமா? முடியும் என்று காட்டிய ஒரு சோதனையை இங்கே விரிவாகச் சொல்வது பொருந்தும். இஸ்ரேலில் இரைச்சல் மிகுந்த ஓர் உலோகத் தொழிற்சாலையில் டோவ் ஜோஹரும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 1980இல் வெளியிட்டது அது. காதடைப்பான் அணியும்படி தொழிலாளர்களிடம் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு பல ஆண்டுகளில் மெல்ல வருவதால், அன்றன்றைக்கு யாரும் அதை உணர்வதில்லை. ஆய்வாளர்கள் செய்தது இதுதான்: ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு நாள் காதடைப்பான் இல்லாமல், மற்றொரு நாள் காதடைப்பானோடு, வேலைக்கு முன்னும் பின்னும் செவித்திறன் சோதனை செய்தார்கள். அடைப்பான் இல்லாத நாளில் மாலைக்குள் கேட்கும் திறன் தற்காலிகமாக எவ்வளவு குறைந்தது என்பதை அவரவர் வரைபடமாகவே அவரவர் கையில் கொடுத்தார்கள். பிரிவின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார்கள். அந்தப் பிரிவில் காதடைப்பான் அணிவோர் 85 முதல் 90 விழுக்காடு வரை உயர்ந்தார்கள். ஐந்து மாதங்கள் கழித்தும் அது குறையவில்லை. வழக்கமான சொற்பொழிவு மட்டும் பெற்ற மற்றொரு பிரிவில் அது 10 விழுக்காட்டைத் தாண்டவில்லை. இரண்டு பிரிவினருக்கும் சொல்லப்பட்ட செய்தி ஒன்றுதான். ஒரு பிரிவினர் அதைக் கேட்டார்கள். மற்றப் பிரிவினர் அதைத் தங்கள் உடலிலேயே அளந்து பார்த்தார்கள்.

பட்டாசு ஆலையில் இதற்கு இணையாக ஒன்றைச் செய்ய முடியும். நிலைமின்சாரத்தை அளக்கும் கையடக்கக் கருவி விலை உயர்ந்த பொருளன்று. மருந்து எதுவும் இல்லாத இடத்தில், பாலியெஸ்டர் சேலை உடுத்தியவர் எழுந்து நடந்த பின் கருவி என்ன காட்டுகிறது, பருத்திச் சேலையில் என்ன காட்டுகிறது, செப்புத் தகட்டைத் தொட்ட பின் எவ்வளவு இறங்குகிறது என்பதை ஒவ்வொருவருக்கும் அவரவர் உடலிலேயே காட்டிவிட்டால், "தகட்டைத் தொட்டுவிட்டு வாருங்கள்" என்று மறுமுறை சொல்ல வேண்டிய தேவை பெரிதும் குறையும். அந்தத் தகடு உண்மையிலேயே தரையோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் அன்றே தெரிந்துவிடும். இணைப்பு அறுந்துபோன தகட்டைத் தொடும்படி தொழிலாளியைப் பழக்கியிருந்தால், தவறு யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்த மறுநாளிலிருந்து என்ன நடக்கிறது என்பதும் பயிற்சியைப் போலவே முக்கியமானது. ஜூடி கோமாகியும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் ஓர் உணவு உற்பத்தி ஆலையில் செய்த ஆய்வு இதில் வழிகாட்டுவது. சரியான முறையையும் தவறான முறையையும் படங்களாகக் காட்டி விளக்கியபின், தொழிலாளர்கள் பாதுகாப்பாகச் செய்த வேலைகளின் விழுக்காட்டைத் தொடர்ந்து கணக்கிட்டு, அனைவரும் பார்க்கும் இடத்தில் வரைபடமாக மாட்டினார்கள். ஒரு பிரிவில் 70 விழுக்காடாக இருந்த பாதுகாப்பான நடத்தை 96 ஆகவும், மற்றொரு பிரிவில் 78 ஆக இருந்தது 99 ஆகவும் உயர்ந்தது. வரைபடம் மாட்டுவதை நிறுத்தியதும் நடத்தை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. கற்றது மறந்துபோகவில்லை, கவனிப்பார் இல்லாதபோது அது தேவையற்றதாகத் தோன்றிவிட்டது, அவ்வளவே. பின்னர் ஒரு வாகனப் பராமரிப்புத் துறையில் இதே குழுவினர் செய்த ஆய்விலும் பயிற்சி மட்டும் தந்த முன்னேற்றம் சிறிதாகவும், தொடர்ந்து பின்னூட்டம் கொடுத்தபோது வந்த முன்னேற்றம் பெரிதாகவும் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு நாளன்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு கலைவது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, பயிற்சியின் எல்லைக்கு அப்பால் இருப்பவற்றுக்கு வருகிறேன். பட்டாசு ஆலைகளில் பெரும்பாலான வேலைகளுக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கில்தான். திரி வைப்பவருக்கும், மருந்து செலுத்துபவருக்கும், தாள் சுற்றுபவருக்கும் மாலையில் கைக்கு வரும் தொகை, அன்று முடித்த எண்ணிக்கையைப் பொறுத்தது. பயிற்சி வகுப்பு அவரிடம் "நிதானமாகச் செய்யுங்கள்" என்கிறது. கூலிக் கணக்கு "விரைவாகச் செய்யுங்கள்" என்கிறது. வகுப்பு ஒரு நாள் பேசுகிறது, கூலி தினமும் பேசுகிறது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை மும்முரமாகும்போது, முன்பணம் வாங்கியவர்கள் அதைக் கழித்தாக வேண்டும் என்ற நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரிந்த விதி. ஆறு பேரை உட்கார வைப்பது தொழிலாளியின் முடிவல்ல. அறை போதாமல் மரத்தடியில் பாய் விரித்து வேலை செய்யச் சொல்வதும் அவருடைய முடிவல்ல.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள், பயிற்சியும் சூழ்நிலையும் மோதும் இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் அறியேன். ஃபேன்சி ரகங்களுக்கான மணி மருந்து, அதாவது சிறு உருண்டைகளாக ஆக்கிய மருந்து, வெளியில் காய்ந்துகொண்டிருக்கும். திடீரென்று மேகம் கூடித் தூறல் விழுந்தால், அனைவரும் ஓடிச் சென்று அள்ளிக் குவித்து உள்ளே கொண்டுபோவதுதான் இயல்பாக நடப்பது. அந்த அவசரத்தில் உராய்வு நேர்கிறது. அதோடு முடிவதில்லை: அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் வேதிவினை தொடங்கி வெப்பம் சேரும், நனைந்ததைக் குவித்து மூடி வைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் சில மணி நேரம் கழித்துத் தானாகவே தீப்பற்றக் கூடும். நனைந்த மருந்தைக் குவிக்காதே, அறைக்குள் கொண்டுவராதே, ஒதுங்கிப் போர்மேனுக்கு, அதாவது மேற்பார்வையாளருக்கு, சொல் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கலாம், சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். ஆனால் நனைந்து வீணான சரக்கின் மதிப்பைக் கூலியில் பிடிப்பார்கள் என்ற அச்சம் இருக்கும்வரை, எல்லாம் தெரிந்த தொழிலாளியும் ஓடித்தான் அள்ளுவார். "மழையில் நனைந்த மருந்து ஆலையின் நட்டம், யார் கூலியிலும் பிடிக்கப்படாது" என்று உரிமையாளர் எழுதி ஒட்டிவிட்டால், அந்த ஒரு தாள் பத்து வகுப்புகளைவிடக் கூடுதலாக நடத்தையை மாற்றும்.

போர்மேனின் இடம் இங்கேதான் வருகிறது. வெடிபொருள் விதிகள், 2008 கலவையும் உற்பத்தியும் தகுதி பெற்றவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்கின்றன. மேற்பார்வையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சிவகாசியில் பயிற்சி மையம் நடத்துகிறது. ஆனால் பயிற்சி பெற்ற தொழிலாளி ஆலைக்குத் திரும்பியதும் காத்திருப்பது போர்மேனின் முதல் கேள்விக்காகத்தான். காலையில் வந்ததும் அவர் "நேற்று எத்தனை பெட்டி?" என்று மட்டும் கேட்டால், பயிற்சியில் கேட்டதெல்லாம் அன்றே உதிர்ந்துவிடும். "நேற்று மிச்ச மருந்தை அப்புறப்படுத்தியாயிற்றா?" என்று அவர் முதலில் கேட்டால், அந்த ஆலையில் எதற்கு மதிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனவே பயிற்சிக்கு ஒதுக்க முடிந்த நேரமும் பணமும் குறைவு என்றால், அதில் பெரும்பகுதியைப் போர்மேனுக்கே செலவிட வேண்டும் என்பேன். என்ன கேட்பது, விதிமீறலைக் கண்டால் ஆளை அவமதிக்காமல் எப்படி நிறுத்துவது, சரியாகச் செய்தவரிடம் அதை எப்படிச் சொல்வது என்பவற்றை அவருக்குப் பழக்க வேண்டும்.

போர்மேனே இல்லாத, அல்லது பெயரளவில் மட்டும் இருக்கும் ஏற்பாடு ஒன்றும் அங்கே உண்டு: உள்குத்தகை. உரிமம் பெற்றவர் ஆலையின் அறைகளைப் பிரித்துப் பலருக்குக் குத்தகைக்கு விடுவார். இது சட்டத்துக்குப் புறம்பானது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்தில், உரிமம் பெற்ற ஆலை இவ்வாறு பலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது வெளிவந்தது. போட்ட பணத்தைச் சில மாதங்களில் எடுத்துவிட நினைக்கும் குத்தகைதாரருக்குத் தொழிலாளர்களைப் பயிற்சிக்கு அனுப்ப எந்தக் காரணமும் இல்லை. பயிற்சி பெற்றவர் அவரிடம் வேலைக்கு வந்தாலும் கற்றதைக் கடைப்பிடிக்க அங்கே இடமும் இல்லை. ஒரே வளாகத்தில் நான்கு பேர் நான்கு விதமாக மருந்து கலக்கும்போது, யாருடைய விதி அங்கே செல்லும்?

சட்டம் தொழிலாளியிடம் கொஞ்சம் அதிகாரத்தைக் கொடுக்க முயன்றிருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் நடந்த நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின், தொழிற்சாலைகள் சட்டம், 1948 திருத்தப்பட்டது. 1987இன் அத்திருத்தம் சேர்த்த 111ஏ பிரிவு, முடிந்த இடங்களில் ஆலையிலேயே பயிற்சி பெறுவதையும், இல்லையேல் உரிமையாளர் ஆதரவில் வெளி மையத்தில் பயிற்சி பெறுவதையும் தொழிலாளியின் உரிமையாக்கியது. 41எச் பிரிவு, ஆபத்தான செய்முறைகள் கொண்ட ஆலைகளில், உடனடி ஆபத்து நேரும் என்று அஞ்சத் தக்க காரணம் இருந்தால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கும் உரிமையைத் தந்தது. அச்சட்டத்தின் இடத்துக்கு 2020இல் நிறைவேற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. நான் வலியுறுத்த விரும்புவது, இந்த உரிமைகள் பயிற்சிப் பாடத்தில் இடம்பெறுவதே அரிதாக இருக்கிறது என்பதைத்தான். செய்யக் கூடாதவை அனைத்தையும் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். செய்யச் சொல்லும்போது மறுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

மறுக்க முடியாத இடத்தில் அறிவு எவ்வளவு பயனற்றுப் போகும் என்பதை வங்கதேசம் கண்டது. 2012 நவம்பர் 24 அன்று டாக்கா அருகே ஆஷுலியாவில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது எச்சரிக்கை மணி ஒலித்தது. தொழிலாளர்கள் எழுந்தார்கள். மேலாளர்கள் அவர்களை மீண்டும் தையல் எந்திரத்துக்கே போகச் சொன்னார்கள் என்று உயிர்பிழைத்தவர்கள் சாட்சியம் அளித்தார்கள். குறைந்தது 112 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தபோதும், முந்தைய நாளே சுவரில் விரிசலைக் கண்ட தொழிலாளர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். மணி அடித்தால் வெளியேற வேண்டும் என்பதோ, விரிசல் விட்ட கட்டடத்தில் நிற்கக் கூடாது என்பதோ அவர்களுக்குத் தெரியாததல்ல. அதன்பின் 2013இல் உருவான தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம், பயிற்சியோடு பாதுகாப்புக் குழுக்களையும், புகார் செய்யும் வழியையும், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையையும் சேர்த்தே வைத்தது.

பயிற்சி தவறாகப் பயன்படும் ஒரு விதத்தையும் சொல்லியாக வேண்டும். விபத்து நடந்ததும் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்ற சொல் எளிதாக வருகிறது; அதற்குச் சான்றாக அவர் கையொப்பமிட்ட பயிற்சிப் பதிவேடு எடுத்து வைக்கப்படுகிறது. இந்த எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிச் 1931இல், விபத்துகளில் 88 விழுக்காடு மனிதரின் பாதுகாப்பற்ற செயலால் நேர்கின்றன என்று எழுதினார். அவர் பெரிதும் நம்பியது மேற்பார்வையாளர்கள் எழுதிக்கொடுத்த விபத்து அறிக்கைகளை. மேற்பார்வையாளர் தன் மீதோ நிறுவனத்தின் மீதோ குற்றம் எழுதுவது அரிது. பின்வந்தவர்கள் அந்தக் கணக்கைக் கடுமையாக மறுத்தார்கள் என்றாலும், எண் மட்டும் இன்றுவரை பயிற்சி வகுப்புகளில் உலவுகிறது. தங்களைக் குற்றவாளியாக்கவே இந்த வகுப்பு என்று தொழிலாளர்கள் உணர்ந்துவிட்டால், நூலிழையில் தப்பிய நிகழ்வுகளை அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். அடுத்த விபத்தை முன்கூட்டிக் காட்டக்கூடிய தகவல் அங்கேயே அடைபட்டுவிடும்.

பயிற்சியின் மொழியும் கவனத்துக்குரியது. சிவகாசி வட்டாரத்துக்கு வட மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் நடத்திக் கையொப்பம் வாங்குவது பயிற்சி ஆகாது. மருந்தும் மாறிவருகிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தபின், பழைய கலவையில் பழகிய கை புதிய கலவையின் குணத்தை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டு அனுபவமுள்ளவரையும் இந்த ஒரு விஷயத்தில் புதியவராகக் கருதிப் பயிற்சி கொடுப்பதே சரி.

ஓர் ஆலையில் பயிற்சி பலன் தந்ததா என்பதை எப்படி அறிவது? விபத்து எண்ணிக்கையைப் பார்த்து அறிய முடியாது. தினமும் விதி மீறும் ஆலையும் பத்து ஆண்டுகள் விபத்தின்றி ஓடக்கூடும். அதனால் அது பாதுகாப்பான ஆலை ஆகிவிடாது. முன்னறிவிப்பின்றி முற்பகல் 11 மணிக்குச் சென்று கலவை அறையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பாருங்கள். செலுத்தும் அறைகளில் தலைகளை எண்ணுங்கள். மரத்தடிகளைப் பாருங்கள். மாலை வேலை முடியும்போது மிச்ச மருந்து எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து செல்லுங்கள். கழிவு மருந்தை அழிக்கும்போதும் விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. சேர்ந்து ஒரு மாதமான பெண்ணிடம் போர்மேன் இல்லாத நேரத்தில், "ஐந்தாவதாக ஒருவரை உங்கள் அறைக்கு அனுப்பினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் விதியை ஒப்பிக்கலாம், சிரித்து மழுப்பலாம், அல்லது சென்ற வாரம் அப்படி அனுப்பியபோது திருப்பி அனுப்பியதைச் சொல்லலாம். மூன்றாவது பதில் வரும் ஆலையில்தான் பயிற்சி நடந்திருக்கிறது.

இந்தத் தொழிலில் ஆலைச் சுவரோடு பயிற்சி நின்றுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நடந்த பெருவிபத்தில் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் சுற்றுப்புறங்களிலிருந்து ஓடிவந்தவர்கள். கலவை அறை வெடித்தபின் கிட்டங்கி வெடிக்கக்கூடும் என்பதும், புகை அடங்கியதாகத் தோன்றும் நேரமே அருகில் செல்லக் கூடாத நேரம் என்பதும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. உதவ ஓடுவது அந்த ஊர் மக்களின் நல்லியல்பு. அதை அடக்கச் சொல்ல முடியாது. எவ்வளவு தொலைவில் நிற்பது, யாருக்கு முதலில் தகவல் சொல்வது, தீக்காயம் பட்டு வெளியே வந்தவருக்கு ஓடும் தண்ணீரை எவ்வளவு நேரம் ஊற்றுவது, மாவோ மையோ பூசாமல் எப்படி மருத்துவமனைக்கு அனுப்புவது என்பவற்றை ஆலைகளைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரிலும் சொல்லித்தரலாம். தீயணைப்பு நிலையமும் ஆலை உரிமையாளர்களும் ஊராட்சிகளும் சேர்ந்தால், தீபாவளி வேலை சூடுபிடிக்கும் முன்பே ஆண்டுதோறும் முடிக்கக்கூடிய வேலை அது.